மண் சுவருக்கு சிமென்ட் பூசாதீர்கள்

2001 ஜனவரி 26, குடியரசு தினம். காலை 8.46 மணிக்கு கட்ச் பூமி குலுங்கியபோது பம்பாய் வரைக்கும் அதிர்வு தெரிந்தது. நிலநடுக்கத்தின் அளவு 7.7. பச்சாவ், அஞ்சார், ராபர், புஜ் எல்லாம் சரிந்தன. அரசுக் கணக்கிலேயே இறந்தவர்கள் 13,800க்கு மேல். நடுக்கத்தின் மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் அகமதாபாத்தில்கூட கான்கிரீட் தூண்கள் மேல் நின்ற அடுக்குமாடிக் குடியிருப்புகள் பல மடங்கி விழுந்தன.

அதே கட்ச் மாவட்டத்தில், புஜ் நகரத்துக்கு வடக்கே பன்னி என்று ஒரு புல்வெளிப் பிரதேசம் இருக்கிறது. மாடு மேய்ப்பவர்கள் வாழும் இடம். அங்கே மண்ணால் கட்டிய வட்ட வீடுகளில் ஒழுங்காகக் கட்டிப் பராமரித்து வந்தவை பெரும்பாலும் நின்றன. அந்த வீட்டுக்கு அங்கே புங்கா என்று பெயர்.

அப்போது நான் பம்பாய் மாட்டுங்காவில் ஒரு கட்டடப் பொறியாளர் அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலையில் இருந்தேன். மாட்டுங்காவில் நம் தமிழ் ஆட்கள் கதம்பமும் காபித்தூளும் வாங்கும் அதே தெருக்களில்தான் கட்ச்சிக்காரர்களும் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருக்கிறார்கள். சொந்த ஊர் இடிந்த செய்தி வந்ததும் அவர்கள் பணம் திரட்டினார்கள், லாரி லாரியாகச் சாமான் அனுப்பினார்கள். பிறகு வீடு கட்டும் வேலை வந்தது. எங்கள் அலுவலகத்துக்கும் அதில் கொஞ்சம் வரைபட வேலை கிடைத்தது. அளவெடுக்க ஆள் வேண்டுமென்று என்னையும் அனுப்பினார்கள். நான் தாராவியில் பிறந்தவள். பத்துக்குப் பத்து அறையில் தகர மேற்கூரைக்குக் கீழே வளர்ந்தவள். மண் வீடு என்றால் எனக்கு ராதாபுரம் பக்கத்தில் ஆச்சி இருந்த வீடு மட்டும்தான்.

பன்னியில் ஹோட்கா என்ற ஊரில் ஒரு புங்காவுக்குள் உட்கார்ந்து நாடாவைப் பிடித்து அளந்தேன். உள் விட்டம் பதினைந்து அடிக்குக் கொஞ்சம் கூட. சுவரின் கனம் ஒன்றரை அடி. வாசல் ஒன்று, சின்ன ஜன்னல் இரண்டு, அவ்வளவுதான் திறப்பு. சுவருக்கு மேல் கூம்பு வடிவத்தில் புல் வேய்ந்த கூரை. கூரையின் உச்சியிலிருந்து ஒரு மரக்கால் இறங்கி, அறைக்குக் குறுக்கே கிடக்கும் உத்தரத்தின் மேல் நிற்கிறது. அந்த உத்தரம் இரண்டு பக்கமும் சுவரில் தாங்கி நிற்கிறது. உள்சுவர் முழுக்க, களிமண்ணில் சாணத்தைக் குழைத்து விரலால் கோடு கோடாக இழுத்து, நடுநடுவே வட்டக் கண்ணாடித் துண்டுகளைப் பதித்திருந்தார்கள். பூச்சும் அலங்காரமும் பெண்களின் வேலை. ஒரு விளக்கை ஏற்றி வைத்தால் போதும், அத்தனை கண்ணாடியும் அதை வாங்கித் திருப்பித் தரும். மின்சாரம் இல்லாத காலத்து ஏற்பாடு அது.

நிலம் குலுங்கினால் அந்த வீடு ஏன் தாங்குகிறது? சதுர வீட்டில் முதலில் விரிசல் விடுவது மூலைதான். ஒரு சுவர் ஆடும் திசைக்கும் அதை ஒட்டிய சுவர் ஆடும் திசைக்கும் பொருத்தம் இல்லாமல் மூலையில் பிய்த்துக்கொள்கிறது. பிரிந்த சுவர் தனியாக நிற்க முடியாமல் வெளிப்பக்கமாக விழ, தாங்க ஆளில்லாத கூரை உள்ளே விழுகிறது. வட்ட வீட்டில் பிய்வதற்கு மூலையே கிடையாது. எந்தப் பக்கத்திலிருந்து தள்ளினாலும் சுவர் முழுக்க அதைப் பகிர்ந்துகொள்கிறது. கூரை புல் என்பதால் பாரம் குறைவு. சுவர் குட்டை, திறப்பு கொஞ்சம். பவாய் ஐ.ஐ.டி. பொறியாளர்களும் இந்த வீட்டை ஆராய்ந்து, உலக நாடுகளின் வீடுகளைப் பற்றிய ஒரு தொகுப்புக்கு அறிக்கை எழுதியிருக்கிறார்கள்.

கட்ச்சுக்கு நிலநடுக்கம் புதிதில்லை. 1819 ஜூன் 16 அன்று வந்த நடுக்கத்தில் ரண் சமவெளியில் நிலமே ஒரு நீண்ட மேடாக எழும்பிவிட்டது. அதை இன்றும் அல்லா பந்த் என்கிறார்கள். 1956இல் அஞ்சாரில் மறுபடி ஒன்று. புங்காவின் வட்ட வடிவம் 1819க்குப் பிறகுதான் நிலைபெற்றது என்று அங்கே சொல்கிறார்கள். அடிபட்டுக் கற்றுக்கொண்ட மனிதர்களின் கட்டடம் என்று அதைப் பார்த்த எவருக்கும் தோன்றும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும். புஜிலும் அஞ்சாரிலும் ஆயிரக்கணக்கில் விழுந்த பழைய வீடுகளிலும் மண் இருந்தது. அவை காட்டுக்கல்லை அடுக்கி, நடுவில் மண் சாந்து போட்டுக் கட்டிய சுவர்கள். உள்வரிசை, வெளிவரிசை என்று இரண்டு கல் வரிசைகள், இரண்டையும் சேர்த்துப் பிடிக்கக் குறுக்குக் கல் கிடையாது. குலுக்கலில் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் பிரிந்தன. ஆகவே மண் என்றாலே பத்திரம் என்று நான் எழுதவரவில்லை. எந்த மண், என்ன வடிவம், என்ன கூரை, யார் பராமரிப்பு என்பதெல்லாம் சேர்ந்துதான் வீடு.

நடுக்கத்தைத் தாண்டி இன்னொரு காரணத்துக்காகவும் வறண்ட சீமைகளில் மண் வீடு நிலைத்திருக்கிறது. வெயில்தான் அது. மே மாதத்தில் பன்னியில் பகல் 40 டிகிரியைத் தாண்டும். ராத்திரி சூடு இறங்கிவிடும், ஏனென்றால் காற்றில் ஈரம் குறைவு. அப்படிப்பட்ட இடத்தில் ஒன்றரை அடி மண் சுவர் செய்யும் வேலை அபாரமானது. வெயில் சுவரின் வெளிமுகத்தில் விழுகிறது. சூடு மண்ணுக்குள் மெதுவாக நகர்கிறது. உள்முகத்துக்கு வந்து சேரப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதற்குள் பொழுது சாய்ந்து வெளிக்காற்று குளிர்ந்துவிடும், கதவைத் திறந்து வைத்துச் சூட்டை விரட்டிவிடலாம். ராத்திரிக் குளிர்ச்சியைக் குடித்த சுவர் மறுநாள் மத்தியானம் வரைக்கும் அதை வீட்டுக்குள் வைத்திருக்கும்.

ஐந்து அங்குல கான்கிரீட் தளமோ மூன்று நான்கு மணி நேரத்தில் சூட்டைக் கடத்திவிடும். செம்பூரில் மேல்மாடியில் குடியிருப்பவர்களிடம் கேளுங்கள். மத்தியானம் இரண்டு மணி வெயில், நாம் வேலை முடிந்து ரயிலில் நசுங்கி வீடு திரும்பும் நேரத்தில் சரியாகத் தலைக்கு மேல் வந்து இறங்கும். மின்விசிறி அதையே எடுத்து நம் மேல் வீசும். நானும் மேல்மாடிதான்.

எங்கள் ஊர்ப்பக்கத்து மண் சுவர் எப்படி எழும்பும் என்பதை எனக்குச் சொன்னவர் தாராவி தொண்ணூறடி ரோட்டில் இருந்த ஒரு பெரியவர். ராதாபுரம் பக்கத்துக்காரர், எங்கள் அப்பாவுக்குப் பங்காளி முறை. வாலிபத்தில் ஊரில் மண் சுவர் வைத்தவர், பம்பாய்க்கு வந்து சிமென்ட் கொத்தனாராகி, இங்கேயே கிழவரானார். நான் நோட்டும் பென்சிலுமாகப் போய் உட்கார்ந்தால் பிள்ளைகள் சிரிக்கும், அவர் சிரிக்க மாட்டார்.

“பெரியப்பா, எந்த மண்ணு எடுப்பிய?”

“கரிசல் ஆகாது தாயீ. மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். தேரி மண்ணு வெறும் மணலு, பிடிமானம் கிடையாது. செம்மண்ணு எடுத்து, அதுல கொளத்து வண்டல் கொஞ்சம் சேக்கணும். கையில உருண்டை பிடிச்சி இடுப்பு ஒசரத்துல இருந்து கீழ போட்டுப் பாப்பேன். சிதறிப் போச்சுன்னா களி பத்தாது. அப்பம் மாதிரி சப்பிக்கிட்டுன்னா தண்ணி கூடிப்போச்சு. ரெண்டு மூணு துண்டா ஒடஞ்சா சரி.”

அவர் சொன்னதற்குப் பின்னால் இருக்கும் மண் அறிவியல் எளிது. களிமண் ஒட்டும், ஆனால் காயும்போது சுருங்கும். மணல் சுருங்காது, ஆனால் ஒட்டாது. சுவர் மண்ணில் மணல் பெரும்பங்கும் களி ஏறக்குறைய கால்பங்குமாக இருந்தால் நன்றாக அமையும். கரிசலில் இருக்கும் களி தண்ணீரைக் குடித்துப் பல மடங்கு ஊதுகிற சாதி. அதனால்தான் கோவில்பட்டிச் சீமையில் வெறும் கரிசலில் சுவர் வைக்கத் தயங்குவார்கள்.

வேலை தை பிறந்ததும் தொடங்கும். மண்ணை வெட்டிப் பாத்தி கட்டித் தண்ணீர் விட்டு ஒரு ராத்திரி ஊற விடுவார்கள். மறுநாள் காலால் மிதிப்பார்கள், துண்டு துண்டாக வெட்டிய வைக்கோலைத் தூவிக்கொண்டே. வைக்கோல் வலுவுக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பெரியவர் சொன்ன காரணம் வேறு: வைக்கோல் இருந்தால் சுவர் காயும்போது ஒரே இடத்தில் பெரிசாகப் பிளக்காமல், மயிரிழை மயிரிழையாக எங்கும் பரவி நின்றுவிடும். மிதித்த மண்ணைப் பெரிய உருண்டைகளாகக் கைமாற்றி, ஒரு முழ உயரத்துக்கு ஒரு படை வைப்பார்கள். அதோடு அன்றைக்கு நிறுத்த வேண்டும். அது இறுகும்வரை சில நாள் காயவிட்டு, இரண்டு பக்கத்தையும் மண்வெட்டியால் செதுக்கி, அடுத்த படை. அவசரப்பட்டு ஈரத்தின் மேல் ஈரத்தை ஏற்றினால் அடியில் இருக்கும் படை பிதுங்கிவிடும். இப்படியே ஆள் உயரத்துக்கு மேல் எழுப்பி, பனங்கையைப் பரப்பி, ஓலை வேய்ந்து, ஐப்பசி மழைக்கு முன்னால் வீட்டை மூடிவிடுவார்கள். மேல்பூச்சுக்குப் புற்றுமண் தேடிப் போவார்கள். கரையான் சலித்துக் கொடுத்த மாவு போன்ற மண் அது. கடைசியில் சாணி மெழுக்கு, வசதி உள்ளவர்களுக்குச் சுண்ணாம்பு.

வேறு சில இடங்களில் மண்ணைச் சட்டத்தில் அடித்து வெயிலில் காயவைத்த பச்சைக்கல்லால் கட்டுவார்கள். கட்ச்சில் சிந்து சமவெளிக் காலத்து தோலாவீராவின் கோட்டை மதிலிலேயே அந்தக் கல் இருக்கிறது. 2021இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர் அது. இமாசலத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கில் தாபோ மடாலயம் 996இல் எழுந்தது. மழை அதிகம் எட்டாத அந்த மலையில் அதன் மண் சுவர்கள் ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டி நிற்கின்றன. ஏமனின் ஷிபாம் நகரத்தில் பச்சைக்கல்லாலேயே ஏழெட்டு மாடி கட்டி நூற்றாண்டுகளாகக் குடியிருக்கிறார்கள். மாலி நாட்டு ஜென்னே ஊரின் பெரிய பள்ளிவாசல் 1907இல் இப்போதைய உருவத்தில் எழும்பியது. ஊர் முழுக்கத் திரண்டு ஆண்டுதோறும் அதற்கு மண் பூசுகிறது.

அந்தப் பூச்சைத்தான் நாம் மறந்துபோகிறோம். மண் கட்டடம் பராமரிக்க ஆள் கேட்கும், சரியான வடிவமும் கேட்கும். ஈரானின் பாம் நகரத்தில் 2003 டிசம்பர் 26 அன்று 6.6 அளவில் நிலம் நடுங்கியது. பழைய கோட்டையோடு ஊரே மண்ணாகி, 26,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே பல வீடுகளுக்குக் கூரையும் மண்தான், கனத்த வளைவுக் கூரை. விழுந்தபோது பொடியாகிப்போன மண், இடுக்கில் மூச்சுவிடக்கூட இடம் வைக்கவில்லை. 2010 ஆகஸ்டில் லே நகரத்தைச் சுற்றி மேகம் வெடித்துக் கொட்டியபோது லடாக்கின் மண் வீடுகள் பல வெள்ளத்தில் கரைந்தன. இந்தியாவில் மண் கட்டடங்களை நிலநடுக்கத்துக்குத் தாங்கும்படி கட்ட 1993இலேயே ஐ.எஸ். 13827 என்ற வழிகாட்டி வந்துவிட்டது. சுவரின் உயரம் அதன் கனத்தைப் போல எட்டு மடங்குக்கு மேல் போகக் கூடாது, குறுக்குச் சுவர் இல்லாமல் நீளமாக ஓடக் கூடாது, ஜன்னல் அகலம் நான்கு அடிக்குள், கூரை இலேசாக. படித்தபோது எனக்கு ஹோட்கா வீடுதான் கண்ணில் வந்தது.

பம்பாயில் மண் வீடு கட்டலாமா என்று என்னைக் கேட்பவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. கட்ச்சில் இரண்டு வருஷம் பெய்கிற மழையைக் கூட்டினாலும் அதை எட்டுவது கஷ்டம். தவிரவும் இங்கே காற்றில் ஈரம், ராத்திரியும் புழுக்கம், சுவர் குளிர்ந்துகொள்ள நேரமே கிடைக்காது. தாராவி கும்பார்வாடாவில் சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் 1930களிலிருந்து இருக்கிறார்கள். மண்ணை அவர்களைவிட அறிந்தவர்கள் இந்த ஊரில் இல்லை. அவர்கள் வீட்டுச் சுவரும் இங்கே செங்கல்லும் சிமென்டும்தான். இடத்துக்குத் தக்க வீடு என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இல்லை.

குழப்பம் வருவது வறண்ட ஊர்களில்தான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மண் சுவரைத் தற்காலிகப் பொருள் வரிசையில் எழுதுகிறார்கள். அரசு வீடு என்றால் கான்கிரீட் தளம் என்று ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 2024இல் ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் என்று தொடங்கியது. குடிசையில் நனைந்து நெருப்புக்குப் பயந்து வாழ்ந்தவர்களுக்கு அது பெரிய காரியம், அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஓலைக் கூரையின் கீழ் வாழ்வதில் அழகு காண்பது, அதன் கீழ் வாழாதவர்களுக்குத்தான் சுலபம். ஆனால் எங்கள் ஊர்ப்பக்கத்துத் திசையன்விளை வெயிலில் அரையடிச் சுவரும் ஐந்தங்குலத் தளமுமாகக் கட்டிக் கொடுத்தால் அந்த வீட்டில் மத்தியானம் யாரும் இருக்க முடியாது. சுவரையாவது அந்தந்த மண்ணில் கனமாக எழுப்ப இடம் கொடுக்கலாம்.

அதற்கு வழி இல்லாமலும் இல்லை. ஆரோவில்லில் 1989இலிருந்து இயங்கும் மண் கட்டடக் கழகத்தார், மண்ணோடு 5 சதவீத அளவுக்கு சிமென்ட் கலந்து, இயந்திரத்தில் அழுத்தி, சூளையில் வைக்காமலே கல் செய்கிறார்கள். நான்கு வாரம் ஈரத்தில் பதப்படுத்தினால் அது மழைக்கும் கரையாது. விறகும் நிலக்கரியும் மிச்சம். அங்கே விசிட்டர்ஸ் சென்டர் என்ற கட்டடம் அப்படி எழுந்ததுதான். ஏழைகளுக்காக மண்ணில் கட்டிய எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹாசன் ஃபாத்தி பெயரிலான விருது 1992இல் அதற்குக் கிடைத்தது. புஜில் நிலநடுக்கத்துக்குப் பிறகு தோன்றிய ஹுன்னர்ஷாலா என்ற அமைப்பு, உள்ளூர்க் கைவேலைக்காரர்களை வைத்தே புங்காக்களையும் மண் கட்டடங்களையும் கட்டிவருகிறது. பார்க்க ஆசைப்பட்டால் தாதரிலிருந்து சயாஜிநகரி எக்ஸ்பிரஸில் ஏறுங்கள், மறுநாள் காலை புஜ்.

தாராவி, செம்பூர், மாட்டுங்கா, ஆண்டாப்ஹில் என்று இங்கே இருக்கும் நம்மில் பலருக்கு ஊரில் ஒரு மண் வீடு இன்னும் பூட்டிக் கிடக்கிறது. பம்பாய்ச் சம்பாத்தியத்தில் அதற்கு முதலில் செய்கிற மரியாதை என்று நாம் நினைப்பது, சிமென்ட் பூச்சு. அதுதான் அந்த வீட்டுக்குச் செய்யும் பெரிய கெடுதல்.

மண் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், வெளிமுகம் வழியாக அதைக் காற்றில் விட்டுவிடும். நாளும் பொழுதும் நடப்பது இது. மேலே சிமென்ட் பூசிவிட்டால் ஈரம் போக வழி அடைபடுகிறது. சிமென்டும் மண்ணும் வெயிலில் விரிவது ஒன்றுபோல் இருக்காது, அதனால் ஒரு வருஷத்துக்குள் பூச்சில் கோடு விழும். மழை அந்தக் கோட்டின் வழியே உள்ளே இறங்கும், வெளியேறாது. வெளியிலிருந்து பார்த்தால் சுவர் பளிச்சென்று இருக்கும். உள்ளே தரையோரத்து மண் சேறாகிக்கொண்டிருக்கும். ஐப்பசி கார்த்திகையில் “வீட்டுச் சுவர் இடிந்து விழுந்து பலி” என்று நாளிதழில் படிக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் எழும் கேள்வி, அந்தச் சுவருக்கு என்ன பூசியிருந்தார்கள் என்பதுதான். எங்கள் ஆச்சி வீட்டின் தென்சுவர் அப்படித்தான் போனது. நல்ல வேளை, யாரும் உள்ளே இல்லை.

அடுத்த மே லீவுக்கு நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போகும்போது வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். கூரைத் தண்ணீர் சுவரிலிருந்து இரண்டடியாவது தள்ளி விழுகிறதா? சுவரோரத்தில் தண்ணீர் தேங்குகிறதா? தரையோரம் ஓரடி உயரத்துக்குள் மண் உதிர்ந்து குழிந்திருக்கிறதா? திண்ணையை இடித்துவிடாதீர்கள், சுவரின் காலை மழையிலிருந்து காப்பது அதுதான். பழைய சிமென்ட் பூச்சு இருந்தால் தட்டிப் பாருங்கள். டப் டப் என்று வெற்றாக ஒலிக்கும் இடத்தில் அது சுவரை விட்டுவிட்டது. அதைப் பெயர்த்து எடுத்து, சுவரைக் காயவிட்டு, மண்ணும் சுண்ணாம்பும் பூசச் சொல்லுங்கள். சுவர் சாய்ந்திருந்தாலோ, மூலையில் விரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தாலோ, மழைக்கு முன்னால் உள்ளே யாராவது இருந்தால் வெளியே கூட்டிவந்துவிட்டு ஒரு பொறியாளரை அழையுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் நம் ஊர்ப்பக்கம் இன்னும் இருக்கிறார்கள். வயசாகிவிட்டது அவர்களுக்கு. இந்த வருஷமே தேடிப்போய்க் கேளுங்கள், கூடவே ஒரு இளவட்டத்தையும் கூட்டிப்போய் அந்த வேலையில் நிறுத்துங்கள்.